மன்னிக்கப்பட்ட பாவம், ஜெபம், சாட்சி: ஓரமாக அழைத்துக் கேட்கப்படும் கேள்விகள்

இவை ஆராதனை முடிந்தபின் தனியாக, குரலைத் தாழ்த்திக் கேட்கப்படுகிற கேள்விகள். வேதபாட வகுப்பில் யாரும் கையைத் தூக்கி இவற்றைக் கேட்பதில்லை. கேட்டவர்கள் பேசிய மாதிரியே கேள்விகளைத் தந்திருக்கிறோம். வசனங்கள் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்தவை. பின்னால் வரும் பதில்கள் முன்னால் வந்தவற்றின்மேல் நிற்பதால் மேலிருந்து வாசித்து வருவது நல்லது.

பாவமன்னிப்பு கேட்கிறதுன்னா சரியா என்ன பண்ணணும்? "ஆண்டவரே, மன்னியும்"னு சொன்னா போதாதா?

1 யோவான் 1:9 "நம்முடைய பாவங்களை நாம் அறிக்கையிட்டால்" என்று தொடங்குகிறது. அறிக்கையிடுதல் என்பதற்கு மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல் ஹோமோலோகேயோ. 'அதையே சொல்லுதல்' என்பது அதன் நேர்ப்பொருள். நான் செய்ததைத் தேவன் எந்தப் பெயரால் அழைக்கிறாரோ, அதே பெயரால் நானும் அழைப்பதுதான் அறிக்கை. பொய்க்கு 'சமாளிப்பு' என்றும், திருட்டுக்கு 'எடுத்துக்கொண்டேன்' என்றும், பொறாமைக்கு 'ஆதங்கம்' என்றும் நாம் வேறு பெயர் வைத்திருப்போம். அந்தப் பெயர்கள் உதிர வேண்டும்.

நடைமுறையில் நான்கு வாக்கியம் போதும். என்ன செய்தேன். யாருக்குச் செய்தேன். அது பாவம், பொறுப்பு என்னுடையது. இதைச் சரிசெய்ய இன்னது செய்யப்போகிறேன். பிறகு மன்னிப்பைக் கேட்டு, நன்றி சொல்லி எழுந்துவிடலாம். பெரும்பாலும் தடுக்கி விழுவது மூன்றாம் வாக்கியத்தில்தான்: "செய்தது தப்புதான், ஆனால் அவரும்..." அந்த 'ஆனால்' வந்த இடத்தில் அறிக்கை முடிந்து வழக்காடல் தொடங்கிவிட்டது. "என் குறைகளை எல்லாம் மன்னியும்" என்று மொத்தமாகச் சொல்வதில் தவறில்லை. ஆனால் கடன் கொடுத்தவரிடம் "ஏதோ கொஞ்சம் பாக்கி இருக்கிறது" என்று சொன்னால் கணக்கு எப்படித் தீரும்? லேவியராகமம் 5:5கூடக் குற்றம் எதுவோ அதைக் குறித்தே அறிக்கையிடச் சொல்கிறது.

ஞாபகத்துல இல்லாத பாவத்துக்கு என்ன பண்றது?

சங்கீதம் 19:12 இதற்கென்றே இருக்கிறது: "தன் பிழைகளை உணருகிறவன் யார்? மறைவான குற்றங்களுக்கு என்னை நீங்கலாக்கும்." தெரிந்ததைப் பெயர் சொல்லியும், தெரியாததை இந்த ஒரு வரியிலும் ஒப்படைத்துவிடலாம். உட்கார்ந்து பழைய வருடங்களைத் தோண்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பின்னால் ஏதாவது நினைவுக்கு வந்தால் அப்போது அதைப் பெயர் சொல்லுங்கள்.

சிலுவையிலேயே எல்லாம் மன்னிச்சாச்சு. அப்புறம் தினமும் எதுக்கு அறிக்கை?

யோவான் 13ல் இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவியபோது பேதுரு இதையே வேறு விதமாகக் கேட்டார். கால்களை மட்டுமா, கைகளையும் தலையையும் கழுவும் என்றார். "முழுகினவன் தன் கால்களை மாத்திரம் கழுவவேண்டியதாயிருக்கும்" என்று இயேசு பதில் சொன்னார். முழுக்கு ஒரே தரம். நடக்கிறவனுக்குக் காலில் தூசி தினமும் ஒட்டும்.

நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்துவிட்டது, அதை மறுபடி விசாரிக்க வேண்டியதில்லை (ரோமர் 8:1). ஆனால் தீர்ப்பு பெற்றவன் இப்போது பிள்ளையாக வீட்டுக்குள் இருக்கிறான். வீட்டில் அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேச முடியாதபடி ஒன்று நடந்தால் அதைப் பேசித்தான் தீர்க்க வேண்டும். கர்த்தருடைய ஜெபத்தில் மன்னிப்பு வேண்டும் வரி, அன்றன்றுள்ள ஆகாரம் கேட்கும் வரிக்கு அடுத்தே வருகிறது. இரண்டும் அன்றாடத் தேவைகள்.

கர்த்தருடைய ஜெபத்துல மத்தேயு 'கடன்'ங்கிறார், லூக்கா 'பாவம்'ங்கிறார். எது சரி?

இரண்டும் சரி. இயேசு பேசிய அரமேய மொழியில் 'ஹோபா' என்ற ஒரே சொல் கடனையும் குறிக்கும், பாவத்தையும் குறிக்கும். மத்தேயு 6:12 சொல்லின் உருவத்தைக் காப்பாற்றியது, லூக்கா 11:4 அதன் பொருளைச் சொன்னது. லூக்காவும் அதே வசனத்தின் பிற்பகுதியில் 'கடன்பட்ட எவனுக்கும்' என்றே எழுதுகிறார்.

இந்தக் கடன் என்ற படம் மத்தேயு 18:23-35ல் முழுக் கணக்காக வருகிறது. ஒரு வெள்ளிப்பணம், அதாவது தெனாரியம், கூலியாள் ஒருவரின் ஒருநாள் கூலி. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம். ராஜா தன் ஊழியக்காரன் ஒருவனுக்கு விட்டுக்கொடுத்த கடன் 10,000 தாலந்து, அதாவது 6 கோடி நாள் கூலி. வருடத்துக்கு 300 நாள் உழைத்தாலும் இரண்டு லட்சம் வருடம் ஆகும். அதே ஊழியக்காரன் தன் உடன்வேலைக்காரனின் கழுத்தைப் பிடித்தது 100 வெள்ளிப்பணத்துக்கு. விகிதம் 6,00,000க்கு 1. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 100 நாள் கூலி சின்னத் தொகை அல்ல, மூன்று மாதத்துக்கு மேற்பட்ட வருமானம். நமக்கு எதிராக மற்றவர்கள் செய்தது அற்பம் என்று இயேசு எங்கேயும் சொல்லவில்லை. நாம் பெற்றதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னார்.

மன்னிப்பு கேட்டேன். ஆனா மனசு லேசாகவே இல்ல. அப்போ மன்னிக்கலையா?

மன்னிப்பு வாக்குறுதியின்மேல் நிற்கிறது. மனம் லேசாவது அதற்குப் பின்னாலோ, பல நாள் கழித்தோ வரலாம். 1 யோவான் 1:9 தேவனை "உண்மையும் நீதியும் உள்ளவர்" என்கிறது. அந்த இடத்தில் 'இரக்கமுள்ளவர்' என்று எழுதியிருந்தால் அவருடைய அப்போதைய மனநிலையை நாம் ஊகித்துக்கொண்டிருப்போம். நீதி என்றபடியால், தீர்ந்த கடனை அவர் மறுபடி வசூலிக்க மாட்டார்.

ஆனாலும் மனம் உறுத்துவதற்குச் சில காரணங்கள் உண்டு. முதலாவது, அறிக்கை மொத்தமாக இருந்திருக்கும், குறிப்பான அந்த ஒன்று இன்னும் பெயர் சொல்லப்படாமல் நிற்கும். சங்கீதம் 32:3ல் "நான் அடக்கிவைத்தமட்டும்" எலும்புகள் உலர்ந்தன என்று தாவீது சொல்வது இந்த நிலை. இரண்டாவது, யாருக்கோ திருப்பிக் கொடுக்க வேண்டியது பாக்கி இருக்கும் (அதற்குத் தனிக் கேள்வி கீழே). மூன்றாவது, மன்னிப்பை ஏற்காமல் தன்னைத் தானே தண்டித்துக்கொள்ளும் பழக்கம். ஒருமுறை முறையாக அறிக்கையிட்ட பாவம் மறுபடி மனதில் வந்தால், மறுபடி மன்னிப்புக் கேட்காதீர்கள். "இதை மன்னித்ததற்கு நன்றி" என்று சொல்லிக் கடந்துபோங்கள். சில வாரங்கள் பிடிவாதமாகச் செய்தால் வித்தியாசம் தெரியும்.

ஒரே பாவத்தை நாளுக்குப் பத்து இருபது தரம் அறிக்கையிட்டும் நிம்மதியில்லை, ஜெபத்தில் ஒரு சொல் பிசகினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும் போலிருக்கிறது என்றால், அது பெரும்பாலும் விசுவாசக் குறைவு அல்ல. மனநல மருத்துவர் சிகிச்சை தரக்கூடிய நிலை அது. போதகரிடமும் பேசுங்கள், மருத்துவரிடமும் போங்கள்.

அதே பாவத்துல திரும்பத் திரும்ப விழறேன். எந்த முகத்தை வச்சுக்கிட்டு மறுபடி கேட்கிறது?

ஒரே நாளில் ஏழுதரம் வந்து மனஸ்தாபப்பட்டேன் என்று சொல்கிறவனை மன்னிக்கும்படி இயேசு சீஷர்களுக்குச் சொன்னார் (லூக்கா 17:4). மனிதருக்கு அந்த அளவு வைத்தவர் தமக்கு அதைவிடக் குறைவாக வைத்துக்கொள்வாரா? கேளுங்கள், ஏழாம் தரமும் கேளுங்கள்.

ஆனால் நீதிமொழிகள் 28:13 "அறிக்கைசெய்து விட்டுவிடுகிறவனோ" என்று இரண்டு வினை சொல்கிறது. இரண்டாவதற்குக் கொஞ்சம் வேலை உண்டு. விழுந்த நேரத்தை மட்டும் பார்க்காமல் பின்னோக்கிப் போங்கள். அதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன் எங்கே இருந்தீர்கள்? தனியாகவா? பசியா, களைப்பா, யாரிடமாவது கோபமா? கையில் என்ன இருந்தது? நான்கைந்து தரம் குறித்துப் பார்த்தால் பாதை ஒன்றாகவே இருப்பது தெரியும். வாசலில் நின்று போராடுவதைவிட, அந்தப் பாதையின் முதல் திருப்பத்தில் போராடுவது எளிது. ரோமர் 13:14 இச்சைகளுக்கு 'இடம்' கொடாதிருக்கச் சொல்வது இதைத்தான். தொலைபேசியை இரவில் வேறு அறையில் வைப்பது ஆவிக்குரிய காரியமாகத் தோன்றாது. பல பேருக்கு அதுதான் முதல் படி.

இரண்டாவது படி, நம்பத்தக்க ஒருவரிடம் சொல்வது. ஒளித்து வைத்த பாவத்துக்கு ஒளிவே பாதி பலம். போதைப் பழக்கமாக மாறிவிட்டதென்றால் ஜெபத்தோடு மருத்துவ உதவியும் வேண்டும்.

தேவன் பாவத்தை நினைக்கிறதே இல்லைன்னா, தாவீதோட பிள்ளை ஏன் செத்துச்சு?

கடினமான இடம்தான், மழுப்பக் கூடாது. தாவீது ராஜா உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு, உரியாவைக் கொல்லச் செய்தார். அந்த உறவில் பிறந்த பிள்ளை அது. 2 சாமுவேல் 12:13ல் தாவீது "நான் கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன்" என்கிறார். அடுத்த மூச்சில் தீர்க்கதரிசி நாத்தான், கர்த்தர் உன் பாவம் நீங்கச்செய்தார், நீ சாவதில்லை என்கிறார். அதற்கடுத்த வசனத்தில் பிள்ளை சாகும் என்ற செய்தி வருகிறது. மன்னிப்பும் விளைவும் ஒரே வாயிலிருந்து வருகின்றன.

எரேமியா 31:34ல் "நினையாதிருப்பேன்" என்பது ஞாபக மறதி அல்ல. எபிரெயத்தில் ஒன்றை 'நினைப்பது' என்றால் அதன்படி செயலில் இறங்குவது. தேவன் நோவாவை நினைத்தருளினார் என்றால் வெள்ளத்தை வற்றச் செய்தார் என்று பொருள். பாவத்தை நினையாதிருப்பேன் என்றால், அதைக் கையில் வைத்துக்கொண்டு உனக்கு எதிராக நடக்கமாட்டேன் என்று பொருள். உடைந்த நம்பிக்கை, கெட்ட உடல்நலம், நீதிமன்ற வழக்கு இவை தாமாக மறையாது. ஒவ்வொரு துன்பமும் ஒரு பாவத்தின் விளைவு என்றும் எண்ணிவிடக் கூடாது. பிறவிக் குருடனைப் பற்றிச் சீஷர்கள் அப்படிக் கேட்டபோது யோவான் 9:3ல் இயேசு மறுத்துவிட்டார்.

தேவன்கிட்ட மன்னிப்பு கேட்டாச்சு. எடுத்த பணத்தைத் திருப்பிக் கொடுத்தே ஆகணுமா?

ஆம். லேவியராகமம் 6:1-7ன் வரிசையைப் பாருங்கள். ஏமாற்றியவன் முதலில் முதலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதனோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் குற்றநிவாரண பலி. 1,000 எடுத்திருந்தால் 1,200 கொடுத்துவிட்டுப் பலிபீடத்துக்கு வரவேண்டும். ஆட்டைத் திருடி அறுத்தவனுக்கு நான்கு மடங்கு, மாட்டுக்கு ஐந்து மடங்கு (யாத்திராகமம் 22:1). வரிவசூலிப்பவரான சகேயு, ஏமாற்றி வாங்கியதை நாலத்தனையாக (நான்கு மடங்காக) திரும்பச் செலுத்துகிறேன் என்றபோது, திருடனுக்குரிய அளவைத் தானாகவே தனக்கு எடுத்துக்கொண்டார். மன்னிப்பை வாங்க அவர் கொடுக்கவில்லை. இயேசு வீட்டுக்குள் வந்தபின் கொடுத்தார்.

கொடுக்க வேண்டியவர் இறந்துவிட்டால் வாரிசுக்குப் போகும். வாரிசும் இல்லையென்றால் அது கர்த்தருடையது, ஆசாரியரைச் சேரும் என்று எண்ணாகமம் 5:8 வழி சொல்கிறது. இன்று அந்தத் தொகையை ஏழைகளுக்கோ சபைக்கோ கொடுத்துவிடலாம். மொத்தமாக முடியாதென்றால் தவணை கேளுங்கள், ஆனால் தொகையை நீங்களே குறைத்துக்கொள்ளாதீர்கள். பணம் அல்லாதவை சிக்கல். அவதூறு பேசியிருந்தால், யார் யாரிடம் பேசினீர்களோ அவர்களிடமே போய் "நான் சொன்னது பொய்" என்று சொல்வதுதான் திருப்பிக் கொடுத்தல். உரியாவின் உயிரைப்போல் திருப்பிக் கொடுக்கவே முடியாதவையும் உண்டு. அங்கே சங்கீதம் 51ன் நொறுங்குண்ட இருதயத்தைத் தவிர நம் கையில் ஒன்றும் இல்லை.

சட்டப்படி குற்றமானதைச் செய்திருந்தால், முதலில் ஒரு வழக்கறிஞரிடமும் போதகரிடமும் பேசி, உண்மையைச் சொல்லும் வழியைத் தேடுங்கள். தேவன் மன்னித்தார் என்பது சட்டத்திலிருந்து ஒளிய இடமாகாது.

மனுஷங்ககிட்டயும் அறிக்கை பண்ணணுமா? குருவானவர்கிட்ட போகணுமா?

சபைகள் இதில் வேறுபடுகின்றன. கத்தோலிக்க சபையில் இது ஒப்புரவு அருட்சாதனம். மனத்துயர், குருவிடம் அறிக்கை, பாவப்பொறுத்தல், பரிகாரம் என்பவை அதன் பகுதிகள். வருடத்துக்கு ஒரு முறையாவது செய்ய வேண்டும் என்பதை 1215ல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் விதித்தது. கேட்டதை குரு எக்காரணத்தாலும் வெளியிடக் கூடாது. லுத்தரன் சபை 1530ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையிலேயே தனி அறிக்கையை வைத்துக்கொண்டது, ஆனால் எல்லாப் பாவத்தையும் பட்டியலிடும் கட்டாயத்தை நீக்கிவிட்டது. மற்றப் பல சபைகளில் ஆராதனையில் பொது அறிக்கை உண்டு, தனி அறிக்கை அவரவர் தேவைப்படி.

எல்லாரும் ஒத்துக்கொள்ளும் வசனம் யாக்கோபு 5:16: குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடுங்கள். தனியறையில் நமக்கு நாமே எளிதாக மன்னிப்பு வழங்கிவிடுகிறோம். எதிரில் ஒருவர் உட்கார்ந்திருந்தால் பெயர் சொல்லாமல் தப்ப முடியாது, "உனக்கு மன்னிப்பு உண்டு" என்ற குரலும் வெளியிலிருந்து காதில் விழுகிறது. ஆளைத் தேர்ந்தெடுப்பதில் அவசரம் வேண்டாம். மற்றவர்களின் இரகசியத்தை உங்களிடம் சொல்கிறவர், உங்களுடையதையும் மற்றவரிடம் சொல்லுவார்.

என் துணைக்குத் தெரியாத ஒரு துரோகம் இருக்கு. சொல்லணுமா?

பொது விதி: பாவம் எத்தனை பேரைத் தொட்டதோ, அறிக்கையும் அத்தனை பேருக்கு. மனதில் மட்டும் நடந்தது தேவனிடம். ஒருவருக்கு எதிரானது அவரிடம். சபையறிய நடந்தது சபையில். இந்த விதிப்படி, திருமண உடன்படிக்கையை மீறியது துணையைத் தொட்ட பாவம். எனவே எங்கள் பதில் சொல்ல வேண்டும் என்பதே.

எப்போது, எப்படி என்பதில் மட்டும் நிதானம் தேவை. முதலில் உறவை முழுமையாக முறித்துவிடுங்கள். முதிர்ந்த ஒருவரிடம் முன்கூட்டியே பேசுங்கள், துணைக்கும் ஆதரவாக யாராவது இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நடந்ததை ஒரே தடவையில் சொல்லுங்கள். இன்று கொஞ்சம், அடுத்த மாதம் கொஞ்சம் என்று கசியவிடுவது முதல் காயத்தைவிடக் கொடியது. ஆனால் காட்சி காட்சியாக விவரிக்க வேண்டாம். உடனே மன்னிக்கும்படி கேட்காதீர்கள். நோய்த்தொற்று அபாயம் இருந்தால் தாமதமே கூடாது. வீட்டில் வன்முறைக்கு வாய்ப்பு உண்டென்றால் தனியாகச் சொல்லாதீர்கள்.

எனக்குத் துரோகம் பண்ணவர் மன்னிப்பே கேட்கல. நான் மன்னிச்சே ஆகணுமா?

'மன்னிப்பு' என்று நாம் ஒரே சொல்லால் சொல்வதில் இரண்டு காரியம் கலந்திருக்கிறது. ஒன்று, பழிவாங்கும் உரிமையைத் தேவனிடம் ஒப்படைப்பது. மாற்கு 11:25ன்படி அது ஜெபத்தில் நின்ற இடத்திலேயே நடக்கலாம், எதிராளி வந்து கேட்கத் தேவையில்லை. மற்றது, உறவு பழையபடி சேருவது. அதற்கு அவருடைய மனந்திரும்புதல் வேண்டும். லூக்கா 17:3 "அவன் மனஸ்தாபப்பட்டால்" என்கிறது.

யோசேப்பு இதற்கு நல்ல பாடம். தன்னை அடிமையாக விற்ற சகோதரர்கள் தானியம் வாங்க வந்தபோது விலகிப்போய் அழுதார், தானியம் கொடுத்தார், அவர்கள் பணத்தையும் சாக்கிலேயே திருப்பி வைத்தார். ஆனால் தான் யார் என்று சொல்லவில்லை. அன்று யோசேப்பை விற்றுவிடலாம் என்று யோசனை சொன்ன அதே யூதா (ஆதியாகமம் 37:26-27), தம்பி பென்யமீனுக்குப் பதிலாக நான் அடிமையாயிருக்கிறேன் என்று முன்வந்த பிறகுதான் (44:33) முகத்திரையை விலக்கினார். உள்ளத்தில் விட்டுக்கொடுப்பதற்கும் நம்பிக்கையைத் திரும்பக் கொடுப்பதற்கும் நடுவே நாட்கள் போகலாம்.

அடி, உதை, பாலியல் வன்முறை என்றால் மன்னிப்பதும் புகார் கொடுப்பதும் ஒன்றுக்கொன்று எதிரல்ல. "மன்னித்துவிட்டாயே, திரும்பிப் போ" என்று யாரையும் ஆபத்தான வீட்டுக்கு அனுப்பும் உரிமை எந்த மூப்பருக்கும் இல்லை.

மன்னிக்கவே முடியாத பாவத்தைப் பண்ணிட்டேனோன்னு பயமா இருக்கு.

பரிசுத்த ஆவியைத் தூஷிப்பதற்கு மன்னிப்பில்லை என்று சொல்லும் மாற்கு 3:28-30ஐ முழுதும் வாசியுங்கள். கடைசி வசனம் காரணம் சொல்கிறது: அசுத்த ஆவியைக் கொண்டிருக்கிறான் என்று அவர்கள் சொன்னபடியினாலே. கண்ணெதிரே நடந்த தேவனுடைய செயலைப் பார்த்து, அறிந்தே அதைப் பிசாசின் செயல் என்று சாதித்த வேதபாரகரைப் பற்றிய எச்சரிக்கை இது. வாயில் தவறி வந்த சொல்லோ, விரும்பாமல் மனதில் ஓடிய தூஷண எண்ணமோ இதில் சேராது. அந்த நிலையில் இருப்பவருக்கு இதைப் பற்றிப் பயமே இருக்காது. நீங்கள் பயந்து கேட்கிறீர்கள்.

ஜெபம் பண்ண உட்கார்ந்தா ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிடுது. மீதி நேரம் மனசு எங்கேயோ போயிடுது.

பெரும்பாலும் காரணம் சோம்பல் அல்ல, பொதுவான வார்த்தைகள். "எல்லாரையும் ஆசீர்வதியும்" என்றால் உலகமே இரண்டு நொடியில் முடிந்துவிடும். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு வழி: முதலில் ஒரு நிமிடம் பேசாமல் இருங்கள். ஒரு சங்கீதத்தை வாய்விட்டு மெதுவாக வாசியுங்கள், மூன்று நிமிடம். அதிலிருந்து ஒரு வரியை எடுத்து அதையே உங்கள் ஜெபமாக்கி இரண்டு நிமிடம். நேற்றைய நாளை மணி வரிசையில் நினைத்துப் பார்த்து, நன்றிக்குரியதையும் அறிக்கைக்குரியதையும் பெயர் சொல்லுங்கள், நான்கு நிமிடம். மற்றவர்களுக்காக ஐந்து நிமிடம், நாளுக்கு ஐந்து பெயருக்கு மேல் வேண்டாம். பட்டியல் ஐம்பது ஆனால் ஜெபம் வருகைப்பதிவு ஆகிவிடும். கிழமை வாரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

மனம் அலைந்தால் அதோடு சண்டை போடாதீர்கள். எங்கே போகிறதோ அதையே ஜெபமாக்குங்கள். நாளைய வேலைக்குப் போனதா? அந்த வேலைக்காக ஜெபியுங்கள். பக்கத்தில் ஒரு தாள் இருந்தால், செய்ய வேண்டியது நினைவுக்கு வரும்போது குறித்து வைத்துவிட்டுத் திரும்பலாம். நேரத்தைவிட இடமும் வேளையும் மாறாமலிருப்பது முக்கியம்.

உள்ளே பாவம் இருந்தா ஜெபத்தைக் கேட்கவே மாட்டாரா?

சங்கீதம் 66:18 அக்கிரமசிந்தையை இருதயத்தில் 'கொண்டிருப்பதை'ப் பற்றிப் பேசுகிறது: விட மனமில்லாமல் வைத்துப் பேணுவது. பாவத்தோடு வந்து மார்பில் அடித்துக்கொண்ட ஆயக்காரனின் (வரிவசூலிப்பவனின்) ஜெபம் கேட்கப்பட்டது (லூக்கா 18:13-14). அது ஒரே வரி ஜெபம் என்பதையும் கவனியுங்கள். 1 பேதுரு 3:7 இன்னொரு தடையைச் சொல்கிறது: மனைவியைக் கனம்பண்ணாத புருஷனின் ஜெபம் தடைபடும். இதை ஆண்கள் கூட்டங்களில் அதிகம் பிரசங்கிப்பதில்லை.

ஒரே காரியத்துக்காக வருஷக்கணக்கா ஜெபிக்கிறேன். பதிலே இல்ல. நிறுத்திடலாமா?

பவுல் தன் மாம்சத்திலுள்ள 'முள்' என்று சொன்ன உபத்திரவம் நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார். "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில் வந்ததும் நிறுத்திவிட்டார் (2 கொரிந்தியர் 12:8-9). லூக்கா 18ல் நியாயம் கேட்டு நியாயாதிபதியிடம் போய்க்கொண்டே இருந்த விதவை நிறுத்தவில்லை. வித்தியாசம் இதுதான்: பவுலுக்கு மறுப்பு வந்தது, விதவைக்கு மௌனம் மட்டுமே இருந்தது. தெளிவான மறுப்பு வராதவரை தொடரலாம். ஆனால் வேண்டுதலைத் தேதியோடு எழுதி வைத்து, சில மாதத்துக்கு ஒருமுறை திரும்ப வாசித்துப் பாருங்கள். கேட்பதே மெல்ல மாறியிருப்பதைப் பல பேர் கவனிப்பதில்லை. கெத்செமனேயில் இயேசுவும் மூன்று முறை ஜெபித்தார். முதல் முறை "இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கக்கூடுமானால்", இரண்டாம் முறை இது நீங்கக்கூடாதாகில் உம்முடைய சித்தப்படி (மத்தேயு 26:39, 42).

ஜெபக்கூட்டத்துல இன்னொருத்தர் விழுந்ததைச் சொல்லி அவருக்காக ஜெபிக்கலாமா?

அவர் அனுமதி தராமல் கூடாது. "பாரத்தோடு சொல்கிறேன்" என்று முன்னுரை போட்டாலும் புறங்கூறுதல் புறங்கூறுதல்தான். மத்தேயு 18:15ன் முதல் படியே "நீயும் அவனும் தனித்திருக்கையில்" என்பது. பெயரும் விவரமும் இல்லாமல் "ஒரு குடும்பத்துக்காக" என்றாலும் யாரென்று எல்லாருக்கும் தெரிகிற சின்னக் குழுவில் அதுவும் வேண்டாம்.

சாட்சி சொல்லச் சொல்றாங்க. குடிச்சு அழிஞ்சு திரும்பின மாதிரி பெரிய கதை எதுவும் எனக்கு இல்லையே?

யோவான் 9ன் மனிதனுடைய சாட்சி ஒரே வரி: "நான் குருடனாயிருந்தேன், இப்பொழுது காண்கிறேன்." உங்களுக்குத் தெரியாததை அவன் மாதிரியே தெரியாது என்று சொல்லிவிடலாம். தீமோத்தேயுவின் விசுவாசம் பாட்டியிடமும் தாயிடமும் இருந்து வந்தது. பவுல் அதைக் குறையாக எண்ணவில்லை.

தயார் செய்ய அப்போஸ்தலர் 26 நல்ல அமைப்பு: முன்பு எப்படி இருந்தேன் (4-11), கிறிஸ்து எப்படி எதிர்ப்பட்டார் (12-18), அதன்பின் என்ன செய்கிறேன் (19-23). மூன்று நிமிடத்துக்குள் வையுங்கள். எழுதினால் முந்நூறு வார்த்தை. அதில் ஒரு குறிப்பான சம்பவம் வேண்டும், "என் வாழ்க்கை மாறியது" என்பது போதாது. கோபக்காரராய் இருந்தீர்களா? கடைசியாகக் கோபத்தை அடக்கி ஒருவரிடம் போய் மன்னிப்புக் கேட்டதைச் சொல்லுங்கள். முதல் கேள்வியில் பெயர் சொல்லுவதைப் பற்றிச் சொன்னது இங்கேயும் பொருந்தும். சபைக்குள் மட்டும் புரியும் சொற்களைத் தட்டிப் பாருங்கள். 'அபிஷேகம்', 'இரட்சிக்கப்பட்டேன்' என்பவை வெளியில் இருப்பவருக்கு வெறும் ஓசை.

பழைய பாவத்தை எவ்வளவு தூரம் வெளிப்படையா சொல்லலாம்?

பவுல் தன் கடந்தகாலத்தை மூன்று சொல்லில் முடித்தார்: தூஷிக்கிறவன், துன்பப்படுத்துகிறவன், கொடுமை செய்கிறவன் (1 தீமோத்தேயு 1:13). பெயர் உண்டு, படம் இல்லை. அதே அளவைப் பின்பற்றலாம். கேட்பவர் வீட்டுக்குப் போய் உங்கள் பாவத்தை நினைத்துக்கொண்டிருந்தால் சாட்சி தடம் மாறிவிட்டது.

உங்கள் கதையில் வேறொருவர் இருந்தால், அது பாதி அவருடைய கதை. அவர் சம்மதிக்காமல் மேடையில் சொல்லாதீர்கள், ஒலிப்பதிவாகும் இடத்தில் இன்னும் கவனம். இன்னும் போராடிக்கொண்டிருக்கும் பாவத்தை வென்றுவிட்டதாகச் சொல்லவே கூடாது.

விசுவாசத்தைச் சொல்றதுக்கும் வற்புறுத்தறதுக்கும் நடுவுல கோடு எங்கே இருக்கு?

1 பேதுரு 3:15 "விசாரித்துக் கேட்கிற" யாவருக்கும் பதில் சொல்லச் சொல்கிறது, அதுவும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும். பரிசோதனை எளிது: அவர் "வேண்டாம்" என்று சொன்னால் அவருக்கு ஏதாவது இழப்பு உண்டா? உங்கள்கீழ் வேலை செய்கிறவர், உங்கள் சிகிச்சையில் இருக்கிறவர், உங்களிடம் உதவி வாங்குகிறவர் என்றால் உண்டு. அங்கே அவராகக் கேட்காமல் தொடங்காதீர்கள். உதவிக்கு விலையாக விசுவாசத்தை வைத்தால் இலவசமான கிருபையை நீங்களே மறுதலிக்கிறீர்கள்.

பேச்சில் பாதிக்கு மேல் நீங்களே பேசினால் நிறுத்திவிட்டு ஒரு கேள்வி கேளுங்கள். அவருடைய நம்பிக்கையைக் கேலி செய்து உங்களுடையதை நிறுவ வேண்டாம். ஒரே சந்திப்பில் முடிவு எடுக்கவைக்கும் அவசரமும் வேண்டாம். பவுல் நட்டார், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினார் (1 கொரிந்தியர் 3:6). உங்கள் பங்கு இரண்டில் எதுவோ தெரியாது. அவருக்காகத் தினமும் பெயர் சொல்லி ஜெபித்துக்கொண்டிருந்தால் பேச்சில் கடுமை தானாகவே குறையும்.

மத்தவங்களுக்குச் சாட்சி சொன்ன நானே விழுந்துட்டேன். இனிமே எந்த வாயால பேசுறது?

மறைத்துக்கொண்டு பேசுவதுதான் கூடாது. அறிக்கை, திருப்பிக் கொடுத்தல் இரண்டையும் மேலே சொன்ன வரிசையில் முடியுங்கள். நீங்கள் விழுந்தது வெளியில் இருக்கும் நண்பருக்கும் தெரிந்துவிட்டதென்றால் அவரிடமும் போய், "நான் செய்தது தவறு, இதை நீங்கள் பார்க்க நேர்ந்ததற்கு வருந்துகிறேன்" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். விளக்கம் வேண்டாம். கிறிஸ்தவர் ஒருவர் 'ஆனால்' போடாமல் தன் தப்பை ஒத்துக்கொள்வதை அவர் அதற்கு முன் பார்த்திருக்கவே மாட்டார்.

தாவீது சங்கீதம் 51:13ல் "அப்பொழுது பாதகருக்கு உமது வழிகளை உபதேசிப்பேன்" என்றது அறிக்கைக்குப் பின்தான். பேதுரு இயேசுவைத் தெரியாது என்று மறுதலிப்பதற்கு முன்பே அவருக்கு வேலை கொடுக்கப்பட்டிருந்தது: "நீ குணப்பட்டபின்பு உன் சகோதரரை ஸ்திரப்படுத்து" (லூக்கா 22:32). ஆனால் சபையில் பொறுப்பு வகிப்பவர் என்றால் சாட்சி வேறு, பதவி வேறு. மன்னிப்பு உடனே உண்டு. பொறுப்புக்குத் திரும்புவது எப்போது, திரும்புவதா வேண்டாமா என்பதை விழுந்தவர் தீர்மானிக்கக் கூடாது, சபை தீர்மானிக்கட்டும்.